பந்திங்: நான்கு எழுத்தா, ஏழு எழுத்தா?



நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பந்திங். இரண்டாம் ஆண்டு மாணவர் விரல்விட்டு எண்ணினால் ப, ந், தி, ங் என நான்கு எழுத்து என்பார். அதே சொல்லை ஸ்கிராட்ச் செயலியில் இட்டு, சொல்லின் நீளத்தைக் காட்டும் கட்டையை இயக்கினால் 7 என்று விடை வரும். இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் அச்சொல்லைக் கோப்பாகச் சேமித்து எத்தனை பைட்டு என்று பார்த்தால் 21 என்று வரும். மாணவர் சொன்னதே சரி. ஆயினும் கணினி பொய் சொல்லவில்லை. தன்னிடம் உள்ளதைத்தான் எண்ணிச் சொல்கிறது. நான்கு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு எப்படி வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முனை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலும் மறுமுனை சிங்கப்பூர், சென்னை, கோலாலம்பூர் நகரங்களில் நம்மவர் கூடிப் பேசிய மாநாட்டு அரங்குகளிலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் இடம்பெற்றிருக்கும் இந்நாளில், தமிழாசிரியர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கணினியின் நினைவகத்தைப் பற்றிச் சிறிது. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோட்டத்து லயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்குப் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் ஒருவர் வீட்டை அடையாளம் சொல்லும்போது "மூன்றாவது லயம், நாலாவது வீடு" என்போம். தோட்டக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலோ அதே வீட்டுக்கு 24 என்று ஒரே எண் இருக்கலாம். முதல் இரண்டு லயத்தில் இருபது வீடு, அதற்குமேல் நான்கு, ஆக 24. இரண்டும் ஒரே வீடுதான். முன்னது லயத்துக்குள் வீடு என அடுக்கிச் சொல்லும் முகவரி. பின்னது எல்லாவற்றையும் ஒரே நீள வரிசையாகப் பார்த்துச் சொல்லும் முகவரி. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதும்; திரும்பிவர ஒரு வகுத்தல் போதும்.

கணினியின் நினைவகத்தில் லயம் என்பதே கிடையாது. அங்கே இருப்பது முடிவின்றி நீண்டு செல்வதுபோன்ற ஒரே வரிசை. அட்டவணை, அட்டவணைக்குள் அட்டவணை, வகுப்புக்குள் மாணவர், மாணவருக்குள் மதிப்பெண் என நாம் எத்தனை அடுக்கு அமைத்தாலும், உள்ளே அவையெல்லாம் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில்தான் நிற்கும். அடுக்கு என்பது நம் மனத்திலும், முகவரியைக் கணக்கிடும் அந்தப் பெருக்கல் கூட்டலிலும் மட்டுமே இருக்கிறது.

அவ்வரிசையில் ஓர் இடத்தைக் காட்டி நிற்கும் எண்ணுக்குத்தான் சுட்டி என்று பெயர். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம் அல்லவா? "அவ்வீடு" என்னும்போது அகரம் வீடாகிவிடுவதில்லை. வீட்டைக் காட்டுகிறது, அவ்வளவே. நிரலாக்கத்தில் சுட்டியின் வேலையும் அதுதான். (கணினித் தமிழில் மேசைமேல் நகர்த்தும் கருவிக்கும் சுட்டி, இணைய இணைப்புக்கும் சுட்டி, இதற்கும் சுட்டி; வகுப்பில் அடங்காத பிள்ளையும் சுட்டி. கலைச்சொல் ஆக்கியவர்கள் கொஞ்சம் சிக்கனம் பார்த்துவிட்டார்கள்.) இச்சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த வீட்டைக் காட்டும், பத்தைக் கூட்டினால் அடுத்த லயத்தில் அதே இடத்து வீட்டைக் காட்டும். கணினி சுழியிலிருந்து எண்ணுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அது "எத்தனையாவது" என்று கேட்பதில்லை, "எத்தனை வீடு தள்ளி" என்று கேட்கிறது. முதல் வீடு சுழி வீடு தள்ளி இருக்கிறது. மூன்றாம் லயத்து நான்காம் வீடு 23 வீடு தள்ளி இருக்கிறது.

இந்தச் சிந்தனை மொழியாக உருப்பெற்ற கதை சுவையானது. 1967-இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் என்னும் மொழியை ஆக்கினார். அதைச் சுருக்கிக் கென் தாம்சன் பெல் ஆய்வுக்கூடத்தில் 'பி' மொழியை அமைத்தார். இவ்விரு மொழிகளிலும் ஒரு வரிசையை உருவாக்கினால், வரிசைக்கான இடங்களோடு, அவ்வரிசையின் தலைவாசலைக் காட்டும் சுட்டி ஒன்றும் தனியாக ஓர் அறையில் எழுதி வைக்கப்படும். வரிசையின் பெயரைச் சொன்னால் கணினி அந்த அறைக்குச் சென்று, அங்கே எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, பிறகு வரிசைக்குச் செல்லும்.

1971-இலிருந்து டென்னிஸ் ரிச்சி 'பி' மொழியை வளர்த்துச் 'சி' மொழியாக்கிக்கொண்டிருந்தபோது இந்த ஏற்பாடு ஓரிடத்தில் இடித்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கோப்பகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. பதிவில் 2 பைட்டில் ஒரு கோப்பு எண், அதையடுத்து 14 பைட்டில் கோப்பின் பெயர். மொத்தம் 16 பைட்டு. வட்டில் அது அப்படியே ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது. பெயர் என்பது 14 எழுத்து கொண்ட ஒரு வரிசை. பழைய வழக்கப்படி அவ்வரிசைக்கு ஒரு சுட்டி அறை வேண்டும். 16 பைட்டுக்குள் அந்த அறையை எங்கே வைப்பது? வைத்தாலும் அதில் சரியான எண்ணை யார் நிரப்புவது? வட்டிலிருந்து படித்த பதிவில் அது இருக்காதே.

ரிச்சி கண்ட தீர்வு, சுட்டியைச் சேமித்து வைப்பதையே கைவிடுவது. வரிசையின் பெயர் நிரலில் வரும்போதெல்லாம், அந்நேரத்துக்கு, அதன் முதல் உறுப்பைக் காட்டும் சுட்டி கணக்கிட்டுப் பெறப்படும். அறை வேண்டாம், எழுதிவைத்த எண்ணும் வேண்டாம். இதன் பயனாக வரிசைக்குள் வரிசையும், பதிவுக்குள் வரிசையும் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டியே அமைந்தன. அடுக்கடுக்கான அமைப்பை ஒற்றை வரிசையாகப் பாவித்துச் சுட்டி ஒன்றால் நடந்து கடக்கும் பழக்கம் 'சி' நிரலாளர்களிடையே வேரூன்றியது இதனால்தான். இம்முடிவின் பின்னணியைத் தம் மொழியின் வளர்ச்சி பற்றி 1993-இல் எழுதிய கட்டுரையில் ரிச்சியே விளக்கியிருக்கிறார். இன்று நம் கைப்பேசிகளின் அடித்தளத்தில் இயங்கும் நிரல்களில் பெரும்பகுதி அம்மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலும் எழுதப்பட்டவை.

பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு. 1989-இல் வகுக்கப்பட்ட 'சி' மொழித் தரம், ஒரு லயத்துக்கென வாங்கிய சுட்டியை வைத்துக்கொண்டு அடுத்த லயத்துக்குள் நுழைவதற்கு உரிமை தரவில்லை. வீடுகள் ஒட்டியிருப்பது உண்மை. பெரும்பாலும் நிரல் இயங்கவும் செய்யும். ஆனால் மொழிமாற்றி, "இவர் இந்த லயத்தைத் தாண்டமாட்டார்" என நம்பிச் சில சுருக்குவழிகளை எடுக்கலாம். அப்போது விடை தவறும்.

இனித் தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நாம் வகுப்பறைச் சுவரில் தொங்கவிடும் அட்டவணையே ஓர் ஈரடுக்கு அமைப்பு. க, கா, கி, கீ எனக் கிடைவரிசையிலும் அதைப் படிக்கலாம். க, ங, ச, ஞ என மேலிருந்து கீழாகவும் படிக்கலாம். நினைவகத்தில் 'சி' மொழி அட்டவணையைக் கிடைவரிசையாக அடுக்கும். 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியோ மேலிருந்து கீழாக அடுக்கும். முன்னது கா-வை க-வுக்கு அருகில் வைக்கும், பின்னது ங-வை வைக்கும். இரண்டுமே ஒழுங்குதான். எந்த ஒழுங்கு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் போதும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்த எண்ணும் எந்த எழுத்தையும் காட்டாது.

ஒப்புதல் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் திருக்குறளைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 391-ஆம் குறள் எங்கே இருக்கிறது? ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுத்தால் ஈவு 39, மீதி 0. எனவே 39 அதிகாரங்களைக் கடந்து, நாற்பதாம் அதிகாரத்தின் முதற்குறள், 'கல்வி' அதிகாரம். அதிகாரத்துக்குப் பத்து என்னும் சீர்மை இருப்பதால் கணக்கே வழிகாட்டிவிடுகிறது. ஆனால் எந்தப் பால் என்று கேட்டால் வகுத்தல் உதவாது. அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25, சீராக இல்லை. 1, 381, 1081 என மூன்று தொடக்க எண்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அம்மூன்று எண்களும் சுட்டிகளே. லயத்துக்கு லயம் வீட்டு எண்ணிக்கை மாறும் தோட்டத்திலும் இதே நிலைதான். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நாம் இன்று சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசைப்படி அமைந்தவை. அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடுகிறது. பரிமேலழகர் எண்ணைக்கொண்டு மணக்குடவர் உரையைப் புரட்டுபவர் வேறொரு குறளின் முன் போய் நிற்பார்.

தமிழெழுத்துகளைக் கணினிக்குள் ஏற்ற முயன்ற நம்மவர்களுக்கும் இதுதான் நேர்ந்தது. தொடக்கத்தில் இருந்தது 256 இடங்கள் கொண்ட வரிசை. அதில் முதற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகளை எப்படி அமர்த்துவது? அட்டவணையை அப்படியே இறக்கி வைக்க இயலாது. ஆகவே அச்சுக்கோப்பவர் செய்ததுபோல உருவங்களை உடைத்தார்கள். கால் தனி, கொம்பு தனி, கு கூ போன்று உருவம் மாறுபவை மட்டும் முழுதாக. 'கொ' எழுத வேண்டுமானால் கொம்பு, க, கால் என மூன்று உருவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இட்டார்கள். ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தமக்குத் தோன்றிய இடத்தில் தத்தம் உருவங்களை வைத்ததால், ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவர் கணினியில் குப்பையாகத் தெரிந்தது.

நம் நாட்டைப் பொறுத்தவரை இத்துறையில் முதலில் சொல்லவேண்டிய பெயர் முத்து நெடுமாறன். 1985-இல் தொடங்கிய அவருடைய 'முரசு' மென்பொருள்தான் மலேசியத் தமிழர்களில் பலருக்குக் கணினித் தமிழின் வாசல். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்துகொண்டே இணையத்தில் தமிழை ஏற்றும் வேலையைச் செய்தார். 1995-இல் அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்த பன்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றதில் அவர் பங்கு பெரிது. 1999-இல் அவர் மறைந்தார். ஓர் ஆசிரியர் தம் வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு இவரைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்.

1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு, எல்லாருக்கும் பொதுவான ஒரு வரிசை தேவை என்னும் குரலை வலுப்படுத்தியது. அக்காலத்தில் மின்னஞ்சல் குழு ஒன்றில் பல நாட்டுத் தமிழர் விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. இத்தனைக்கும் பிறகும் 8-பிட்டுக் குறியேற்றங்களால் 247-ஐயும் முழுதாக அமர்த்த முடியவில்லை. அது எவருடைய குறையும் அன்று, இடமில்லை என்பதே காரணம்.

இடம் கிடைத்தது ஒருங்குறியால். 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் எந்த அட்டவணையை வரிசையாக்குவது என்பதைத் தமிழர் முடிவு செய்யவில்லை. 1988-ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கி முடிவு செய்தது. இஸ்கியை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது வேறோர் அட்டவணை. அதில் ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் இந்திய எழுத்துமுறை: தேவநாகரி, வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒடியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம். ஒவ்வொரு பத்தியும் அவற்றில் ஒத்த ஒலியுடைய எழுத்து. ஒருங்குறி அவ்வட்டவணையை அப்படியே ஒற்றை வரிசையாக நீட்டி வைத்தது. தேவநாகரிக் 'க'-வின் எண் 2325. தமிழ்க் 'க'-வின் எண் 2965. வேறுபாடு 640, அதாவது ஐந்து கிடைவரிசை, வரிசைக்கு 128. நம் லயக் கணக்கேதான். தேவநாகரிச் சொல்லின் ஒவ்வோர் எண்ணோடும் 640 கூட்டினால் தமிழ் வரிசையில் அதே ஒலிக்குரிய இடத்தில் போய் நிற்கலாம். அழகான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தமிழில் இல்லாத மூவகைக் ககரங்களுக்கு உரிய இடங்கள் க-வுக்கும் ங-வுக்கும் இடையே இன்றும் வெற்று வீடுகளாகக் கிடக்கின்றன என்பதைக் கண்டால், அது யாருடைய அட்டவணை என்பது விளங்கும்.

அந்த அட்டவணையில் மெய்யும் உயிர்மெய்யும் முழு எழுத்துகளாக இல்லை. அகரம் ஏறிய 18 உயிர்மெய்களுக்கு இடம் உண்டு. புள்ளிக்கு ஓர் இடம். கால், விசிறி, கொம்பு முதலிய குறிகளுக்குத் தனித்தனி இடம். எனவே 'ந்' என்பது ந-வும் புள்ளியுமாக இரண்டு, 'தி' என்பது த-வும் குறியுமாக இரண்டு, 'ங்' இரண்டு, 'ப' மட்டும் ஒன்று. கூட்டினால் ஏழு. ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும்போது 21. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சுட்டி அடியெடுத்து வைக்கும் வரிசையில் எழுத்துகள் இல்லை, எழுத்தின் துண்டுகள் இருக்கின்றன. மெய்யே அடிப்படை, உயிர் ஏறினால் உயிர்மெய் என்று நாம் கற்பிக்கும் இலக்கணத்துக்கு நேர்மாறாக, இங்கே 'ந'-விலிருந்து அகரத்தைப் புள்ளியிட்டுக் கழித்து 'ந்' பெறப்படுகிறது.

அகரவரிசையும் குலைகிறது. வடமொழி ஒழுங்கில் இடம் தேடவேண்டியிருந்ததால் ன-வை ந-வை அடுத்தும், ற-வை ர-வை அடுத்தும் வைத்தார்கள். அதனால் 'மரம்', 'மனம்' ஆகிய சொற்களை எண் வரிசைப்படி அடுக்கினால் 'மனம்' முன்னே வந்துவிடும். தமிழ் அகராதியில் 'மரம்' அல்லவா முன்னது? மாணவர் பெயர்ப்பட்டியலைத் தமிழில் தட்டச்சிட்டு வரிசைப்படுத்தும் ஆசிரியர்கள், மென்பொருள் தமிழ் வரிசையைத் தனியே அறிந்ததா, வெறும் எண் வரிசையைப் பின்பற்றுகிறதா என்பதை இவ்விரு சொற்களைக் கொண்டே சோதித்துவிடலாம்.

நம் அட்டவணையையே வரிசையாக்கினால் என்ன என்று கேட்டவர்கள் ஆக்கியதுதான் டேஸ்16 எனப்படும் 16-பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றம். அதன் கணக்கு மிக எளியது. மெய்க்கு ஒரு கிடைவரிசை. வரிசைக்கு 16 இடம். சுழி இடத்தில் மெய், ஒன்று முதல் பன்னிரண்டு வரை அகரம் தொடங்கி ஔகாரம் ஏறிய உயிர்மெய்கள், கடைசி மூன்று வெற்றிடம். எல்லாவற்றுக்கும் மேலே சுழியாம் வரிசையில் உயிரெழுத்துகள். தொடக்க எண்ணை விட்டுவிட்டு எத்தனை இடம் தள்ளி என்று மட்டும் கணக்கிட்டால், 'தி' என்பது ஏழாவது மெய், மூன்றாவது உயிர்; 7 × 16 + 3 = 115. திரும்பி வர 115-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 3; த், இ. பந்திங் என்னும் சொல் 145, 128, 115, 32 என நான்கே எண்களாகும். மெய்யும் உயிரும் புணர்வது கூட்டல், பிரிவது வகுத்தல். 13 இடம் போதுமானதாயிருக்க 16 எடுத்தது கணினிக்கு இரண்டின் அடுக்குகளால் வகுப்பது எளிது என்பதால். மூன்று வெற்று வீடு என்பது அதற்குக் கொடுக்கும் வாடகை.

2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்16-ஐ மாற்றுத் தரமாகவும் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டு ஏற்றது. ஆனால் ஒருங்குறிச் சேர்த்தியம் ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்னும் கொள்கை உடையது. அதனால் டேஸ்16, அவரவர் தம்முள் ஒப்பந்தம் செய்து பயன்படுத்திக்கொள்ளும் தனியார் பகுதியிலேயே தங்கிவிட்டது. அந்த எழுத்துருவும் மென்பொருளும் இல்லாத கணினியில் அது வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.

டேஸ்16 தமிழுக்கு இயல்பானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஒருங்குறியைத் தமிழுக்குப் பகையாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. விண்டோஸ் 2000 வெளிவந்து தமிழ் ஒருங்குறி இயங்குதளத்தோடே வரத் தொடங்கியபின், எழுத்துருவைத் தேடி அலையும் நிலை படிப்படியாக ஒழிந்தது. நம் பெற்றோர்கள் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புவது அதனால்தான். ஒழுங்கு குறைந்ததாயினும் உலகமே ஒப்புக்கொண்ட வரிசை, ஒழுங்கு மிகுந்ததாயினும் நால்வர் மட்டும் ஒப்புக்கொண்ட வரிசையைவிட எழுத்தைக் காப்பாற்றுகிறது. பழைய எட்டு பிட்டுக் கோப்புகளின் கதியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தட்டச்சிட்ட வினாத்தாள்கள், ஆண்டு மலர்கள், செய்யுள் பயிற்சிகள் பல, அன்றைய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிகின்றன. அவை அழிந்துவிடவில்லை. எந்த எண் எந்த உருவம் என்ற ஒப்பந்தம்தான் தொலைந்தது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்பு வரும் இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். பழைய கோப்பில் க-வுக்கு முன்னே நின்ற கொம்பை ஒருங்குறியில் க-வுக்குப் பின்னே நகர்த்த வேண்டும். நிரல்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அதுவே. உங்கள் பள்ளிப் பேழைகளில் அத்தகைய வட்டுகள் இருந்தால், தூக்கி எறியுமுன் எழுத்துருவின் பெயரைக் கேட்டறிந்து ஒரு தாளில் குறித்து வைத்துவிடுங்கள்.

துண்டுகளாக இருக்கும் வரிசையிலிருந்து எழுத்துகளைத் திரும்பக் கட்டி எழுப்பும் வேலையைச் செய்யவும் நிரல்கள் உள்ளன. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. குறுக்கெழுத்துப் போட்டியோ சொல் விளையாட்டோ செய்ய விரும்பும் மேல்நிலை மாணவர்களுக்கு அது போதும்.

தொடக்கநிலை மாணவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. ஸ்கிராட்சிலேயே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. சொல்லின் ஒவ்வோர் இடத்தையும் வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது புள்ளியாகவோ கால், விசிறி, கொம்பு முதலிய குறியாகவோ இருந்தால் எண்ணாமல் கடந்துவிடவேண்டும். மற்றவற்றை மட்டும் எண்ணவேண்டும். பந்திங்: ஏழில் இரண்டு புள்ளி, ஒரு விசிறி போக நான்கு. அம்மா: ஐந்தில் ஒரு புள்ளி, ஒரு கால் போக மூன்று. கொடி: நான்கில் இரு குறி போக இரண்டு. 'கொ'-வின் குறியைச் சில மென்பொருள்கள் ஒன்றாகவும், சில கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிப்பதுண்டு. அப்போது 'கொடி'யின் நீளம் ஐந்து என்று வரும். ஆனால் கழிக்கவேண்டிய குறிகளும் மூன்றாகிவிடுவதால் விடை இரண்டேதான். 247-க்குள் அடங்காத 'க்ஷ' மட்டும் இம்முறையில் இரண்டு எழுத்தாக எண்ணப்படும். 'லக்ஷ்மி' என்னும் பெயர்கொண்ட மாணவி வகுப்பில் இருந்தால் இக்கேள்வி எழுந்தே தீரும். அதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதை நிரல் எழுதுமுன் வகுப்பே கூடி முடிவு செய்துகொள்ளட்டும்.